ஐந்து நாள் தைக்கக் கூடாது

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டவள் நான். நைனாவும் அம்மாவும் பெருவிரலை மையில் அழுத்தியவர்கள். அண்ணன் மூன்றாம் வகுப்பில் வாத்தியார் அடித்தார் என்று கடலுக்கு ஓடிப்போனவன். கோவளத்தில் எங்கள் தெருவுக்குத் தபால் வந்தால் அது யார் வீட்டுத் தபாலாக இருந்தாலும் படிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே மாடியில் இருந்த இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டிங் ஹையரும் ஷார்ட்ஹேண்ட் லோயரும் பாஸ் செய்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பின்னால் சொல்லப்போவதற்கும் இது தேவைப்படும்.

பங்களாதேஷ் யுத்தம் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகாத சமயம். இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வீட்டில், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவர் தன் சர்வீஸைப் புத்தகமாக எழுதுகிறார், டைப் அடிக்க ஆள் வேண்டும் என்று இன்ஸ்டிடியூட்டில் சொன்னார்கள். போனேன். ஒரு பக்கம் சொல்லி அடிக்கச் சொன்னார். அடித்துக் கொடுத்தேன். கண்ணாடியைத் தூக்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நாளைக்கு ஒன்பதரைக்கு வா" என்றார். பெயர்கூடக் கேட்கவில்லை.

அவர் சாதாரண டாக்டர் இல்லை. குண்டடி பட்டவர்களை அறுத்துப் பிழைக்க வைக்கிற சர்ஜன். படித்து முடித்த கையோடு பர்மா எல்லைக்குப் போனவர். அப்புறம் காஷ்மீர், சீனாக்காரன் வந்தபோது பனிமலை, அறுபத்தைந்தில் பஞ்சாப், கடைசியாகக் கிழக்கு வங்காளம். சண்டை நடக்கிற இடத்துக்கு நாலைந்து மைல் பின்னால் கூடாரம் அடித்து, இரண்டு மேஜை போட்டு, ஒன்றில் அறுத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றில் அடுத்த ஆளைத் தயார் செய்வார்களாம். முப்பது வருஷம் அப்படியே போயிருக்கிறது. மனைவி இறந்துபோயிருந்தார். பிள்ளைகள் இல்லை.

அவர் ஆங்கிலத்தில்தான் சொல்வார். தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் விமானங்கள் பயிற்சிக்குக் கிளம்புகிற நேரம் அது. தலைக்கு மேலே சத்தம் வந்தால் வாக்கியத்தின் நடுவில் நிறுத்திவிடுவார். சத்தம் போனதும் விட்ட சொல்லுக்கு அடுத்த சொல்லிலிருந்து தொடங்குவார். முன்னால் என்ன சொன்னேன் என்று ஒரு தடவைகூட என்னைக் கேட்டதில்லை.

காயம்பட்டவர்களை வரிசையாகக் கிடத்தியிருப்பார்கள். இவர் நடந்துகொண்டே பிரிப்பார். உடனே மேஜைக்கு வர வேண்டியவர்கள், காத்திருக்கக் கூடியவர்கள், ஒன்றும் செய்ய முடியாதவர்கள். மூன்றாவது கூட்டத்துக்கு மார்ஃபியா ஊசி போட்டு, மேஜையிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் கொண்டுபோய் வைப்பார்களாம். ஒரு ஆளுக்கு இன்ன காயம், இன்ன ஊசி, இன்னது செய்தாயிற்று, இன்னது செய்யக் கூடாது என்று ஒரு அட்டையில் எழுதி, சட்டைப் பொத்தானில் கட்டிவிடுவார்கள். காயம்பட்டவன் ஒரு டாக்டரிடமிருந்து இன்னொரு டாக்டரிடம் ஜீப்பிலும் ரயிலிலும் போய்க்கொண்டே இருப்பான். அவனுக்காக அந்த அட்டைதான் பேசும். "அட்டை தொலைந்தால் ஆள் தொலைந்தான்." இந்த வாக்கியம் மூன்று அத்தியாயங்களில் வந்தது. மூன்று தடவையும் நான்தான் அடித்தேன்.

இன்னொரு வாக்கியமும் அடிக்கடி வரும். போர்க்களத்துக் காயத்தை அன்றைக்கே தைக்கக் கூடாது. மண்ணும் துணியும் உள்ளே போயிருக்கும். செத்த சதையை வெட்டி எடுக்க வேண்டும். கிள்ளினால் துடிக்காத சதையும் வெட்டினால் ரத்தம் வராத சதையும் செத்த சதை. கழுவி, துணி அடைத்து, திறந்தபடியே கட்ட வேண்டும். ஐந்தாம் நாள் பிரித்து, சுத்தமாக இருந்தால் தைக்க வேண்டும். அவசரப்பட்டு மூடினால் சதை உள்ளுக்குள்ளே காற்று வைத்து அழுகும், அப்புறம் உறுப்பு போகும், அல்லது உயிர் போகும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் சொல்வேன். இன்றைக்கும் சொல்வேன்.

ஒரு நாள் வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னார். எழுபத்தொன்றில், கிழக்கு எல்லையில், வரிசையில் கிடந்த ஒரு சிப்பாய் இவர் பெயர்ப்பட்டையைப் பார்த்துவிட்டுத் தமிழில், "சார், நீங்க நம்ம ஊரா?" என்று கேட்டிருக்கிறான். வயிற்றில் காயம். "ஆமா தம்பி, இதோ வர்றேன்" என்று இவர் சொல்லிவிட்டு, பக்கத்தில் வந்த ஆளிடம் இந்தியில், மூன்றாவது கூட்டம் என்றிருக்கிறார். ஆறு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது அவன் உயிரோடு இருந்தான். கண் திறந்து இவரைப் பார்த்தான். இவர் மேஜைக்குத் தூக்கச் சொன்னார். தூக்குவதற்குள் முடிந்துவிட்டது. "நான் அவனைத் தவறாகப் பிரித்தேன்" என்று சொல்லி நிறுத்தினார். விமானம் எதுவும் போகவில்லை.

மறுநாள் காலை, நான் பையை வைப்பதற்குள், "நேத்து அடிச்ச அந்தப் பக்கம் வேண்டாம். எடுத்துட்டு முன்னாடியையும் பின்னாடியையும் சேர்த்துடு" என்றார்.

"நல்லா இருந்தது சார்."

"அதனாலதான் எடுக்கச் சொல்றேன்."

மூன்று பிரதியையும் கிழித்தேன். பெரிய மனிதர்கள் தங்கள் தப்பைச் சொல்வதற்கு ஒரு ஆளை வைக்கிறார்கள், மறுநாள் அதே ஆளை வைத்துக் கிழிக்கிறார்கள் என்று, தாம்பரத்தில் நான் தங்கியிருந்த ஹாஸ்டலில் அறைத்தோழியிடம் சொல்லிச் சிரித்தேன். அப்போது எனக்கு எல்லாரையும் பார்த்துச் சிரிக்க வரும்.

இனி எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோவளத்தில் யாருக்கு அடிபட்டாலும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தினி தையல்?" என்பதுதான். கட்டுமரம் இடித்தாலும் சரி, திருக்கை முள் கிழித்தாலும் சரி. பன்னிரண்டு தையல் என்றால் பெரிய காயம், பெரிய வைத்தியம், பெரிய ஆள். நாலு தையல் என்றால் சிரிப்பார்கள். அண்ணனுக்குத் தோளில் ஒன்பது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூடச் சட்டையை விலக்கிக் காட்டினான். வலை கிழிந்தால் அன்றைக்கே உட்கார்ந்து முடிச்சுப் போட்டுவிட வேண்டும். கிழிசலோடு போட்டு வைத்தால் மறுநாளைக்குக் கிழிசல் வளர்ந்துவிடும். உடம்பும் வலை மாதிரிதான் என்பது அவர்கள் கணக்கு.

ஒரு சனிக்கிழமை காலை கரை சேரும்போது அலையில் கட்டுமரம் புரண்டு, அதன் முனை நைனாவின் வலது கெண்டைச் சதையைப் பிளந்துவிட்டது. மணல், தார், மீன் செதிள் எல்லாம் உள்ளே. எலும்புக்கு ஒன்றும் இல்லை. அண்ணன் ஐஸ் லாரியில் ஏற்றி, கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக நேரே இரும்புலியூருக்குக் கொண்டுவந்துவிட்டான். "என் தங்கச்சி பெரிய டாக்டராண்ட வேலை செய்யுது" என்று லாரிக்காரரிடம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தானாம்.

லாரியை வாசலில் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது பயமில்லை, கூச்சம். நைனா இடுப்பில் ஈரத் துண்டோடு, மீன் நாற்றத்தோடு கிடந்தார். டாக்டர் வெளியே வந்து ஒரே பார்வை பார்த்தார். சாப்பாட்டு மேஜையைக் காலி செய்யச் சொன்னார். அலமாரியிலிருந்து கருவிப் பெட்டியை எடுத்து, கருவிகளைக் கொதிக்க வைத்தார். அந்த வீட்டில் நான் வேலை செய்த ஆறு மாதத்தில் அவர் அவ்வளவு வேகமாக நடந்து பார்த்ததில்லை. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, டேபிள் விளக்கை என் கையில் கொடுத்து, "வெளிச்சம் இங்கே, சிஸ்டர்" என்றார். பழக்கத்தில் வந்த சொல்தான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கிள்ளினார், வெட்டினார், எறிந்தார். நான் டைப் அடித்த வாக்கியங்கள் ஒவ்வொன்றாக அவர் விரலில் நடந்தன. நைனா கழுத்தைத் தூக்கிப் பார்த்து, "இன்னாமே, வஞ்சிரத்தைத் துண்டு போடற மாதிரி போடறாரு உங்க டாக்டரு. எனக்கும் கொஞ்சம் மிச்சம் வெக்கச் சொல்லு" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. நைனாவின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. கழுவி, துணி அடைத்து, கட்டி முடித்தார்.

அண்ணன் என் காதில், "தையலு?" என்றான்.

"இப்ப கிடையாது. வியாழக்கிழமை."

"தெறந்தா வுடுறாரு?"

"அப்படித்தான் விடணும். வாயை மூடு."

டாக்டர் ஐந்து நாள் இங்கேயே கிடக்கட்டும் என்றார். பின்னால் ஒரு அறை காலியாக இருந்தது. நைனா என்னிடம், "இம்மாம் பெரிய மனுசன் வூட்ல காலைல வெளிக்கிப் போறது எப்டிமே? வேணாம்" என்றார். போயே தீருவேன் என்றார். டாக்டர் என்னிடம் ஆங்கிலத்தில், காலை உயர்த்தி வைக்க வேண்டும், தினம் பென்சிலின் ஊசி பக்கத்தில் யாரிடமாவது போட்டுக்கொள்ள வேண்டும், கட்டைத் தொடக் கூடாது, வியாழக்கிழமை கொண்டுவர வேண்டும் என்று சொன்னார். மருந்துச் சீட்டை அண்ணனிடம் கொடுத்தார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து, சர்வீஸிலிருந்து மிச்சம் வந்த ஒரு அட்டையை எடுத்து எழுதி, மேலே சட்டை ஒன்றுமில்லாத நைனாவுக்குத் தன் பழைய சட்டை ஒன்றைப் போடச் சொல்லி, மேல் பொத்தானில் அட்டையைக் கட்டினார். காயம், வெட்டியது, போட்ட ஊசிகள். கீழே பெரிய எழுத்தில்: திறந்து விடப்பட்டுள்ளது, ஐந்தாம் நாளுக்கு முன் தைக்கக் கூடாது.

லாரி போய்விட்டிருந்ததால் தாம்பரத்தில் பஸ் ஏறினோம். நைனாவின் காலை எதிர் ஸீட்டில் தூக்கி வைத்தோம். பின்னால் நாலைந்து காலேஜ் பையன்கள். ஒருவன், "மச்சான், பார்சல் போவுதுடா. அட்ரஸ் கட்டிக்கீது பார்" என்றான். இன்னொருவன், "கூடையில போட்டு ஐஸ் வெச்சாங்களான்னு கேளு, நாறுது" என்றான். எங்கள் ஊரிலிருந்து ரயிலுக்குப் போகிற மீன் கூடைகளில் அப்படித்தான் சீட்டுக் கட்டுவார்கள். என் தோளில் கைப்பை இருந்தது. சீராகப் பின்னிய ஜடை இருந்தது. அந்தப் பையன்களைவிட நான் நன்றாக ஆங்கிலம் எழுதுவேன். நைனா எதுவும் காதில் விழாதது போல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து அட்டையை அவிழ்த்து, கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

யாரும் சொல்லிச் செய்யவில்லை. விஷயம்தான் எனக்குத் தெரியுமே, அட்டை எதற்கு என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனதும் திரும்பக் கட்டவும் நினைத்தேன். கட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊரே வந்தது. எத்தினி தையல் என்று கேட்டது. ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "தாம்பரம் வரிக்கும் போயி ஒரு தையலுகூடவா போடல?" அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போய், "நெசத்தைச் சொல்லுடி. நாத்தம் புடிச்ச ஜனம்னு அந்தாளு தைக்காம அனுப்பிச்சிட்டானா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. போர்ல அடிபட்டவங்களுக்கு இப்படித்தான்..."

அண்ணன் குறுக்கே வந்தான். "நைனா இன்னா போருக்கா போச்சு? கட்மரம் இட்சிது. கிழிஞ்ச வலைய அஞ்சு நாளு எவன்டி தெறந்து போட்டு வெப்பான்? மீனுதான் வுட்டுப் போவும், காலுமா வுட்டுப் போவணும்?"

"உனக்குச் சொன்னா புரியாது."

"ஆமாமா. தொரசாணிக்குத்தான் புரியும். அவுங்க ஜனமா இருந்தா தெச்சிருப்பான், போய்க் கேளு."

நான் நிதானமாகச் சொல்லியிருக்கலாம். மண் உள்ளே இருந்தால் மூடிய காயம் எப்படி அழுகும் என்று, அழுகிய மீனை நாளும் பார்க்கிறவர்களுக்கு விளங்காமல் போயிருக்காது. ஐஸ் வைக்காத கூடையை மூடி வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தாலே போதும். அந்த உவமை எனக்கு இப்போது வருகிறது. அன்றைக்கு எனக்கு வந்தது வேறு. "படிக்காத ஜனத்துக்கிட்ட பேசி என் வாய்தான் வலிக்கும். என்னமோ பண்ணிக்கோங்க" என்றேன்.

நைனா படுத்தபடி, "சண்ட போடாதீங்கமே, காலு கேட்டுகினு கீது" என்றார்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டேன். இரும்புலியூரில் பையிலிருந்து பென்சிலை எடுக்கும்போது அட்டை கையில் தட்டியது. டாக்டர், "அட்டை பத்திரமா இருக்கா?" என்றார். "இருக்கு சார்" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் ஊசி போட ஒரு கம்பவுண்டரிடம் நைனாவைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். பக்கத்து ஊரில் அவர் தனியாகக் கிளினிக் வைத்திருந்தார். அவர் கட்டைப் பார்த்து, யார் கட்டியது என்று கேட்டிருக்கிறார். அண்ணன், "ரிட்டேர் ஆன மிலிட்டிரி டாக்டரு சார். தைக்க நூலு இல்லன்னு அனுப்பிச்சிட்டாரு. நீங்க தெச்சி வுடுங்க" என்றிருக்கிறான். அவர் தைத்துவிட்டார்.

வியாழக்கிழமை சொன்னபடி கொண்டுவந்தார்கள். அதே ஐஸ் லாரி. நைனாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. உதடு காய்ந்திருந்தது. ஆனாலும் டாக்டரைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டு, "பதினாறு தையலு சார்" என்றார். அவருக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னது போல இருந்தது.

கட்டைப் பிரிப்பதற்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது. மீன் நாற்றத்தில் வளர்ந்த எனக்கு அது வேறு நாற்றம் என்று உடனே தெரிந்தது. டாக்டர் முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தினார். என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். தோலுக்கு அடியில் காற்று நறநறவென்றது. அதைப் பற்றி ஒரு பக்கம் அடித்திருக்கிறேன். தையல் பதினாறையும் அங்கேயே வெட்டித் திறந்தார். ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்து, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அதே லாரியில் அனுப்பினார். அன்று பொழுது சாய்வதற்குள் தொடைக்குக் கீழே கால் இல்லை. உயிர் இருந்தது.

அடுத்த வாரம் நான் அந்தக் கம்பவுண்டரோடு சண்டை போடப் போனேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, எனக்கும் நாலு எழுத்துப் படிக்கத் தெரியும். தைக்காதேன்னு ஒரு துண்டுச் சீட்டு இருந்திருந்தா நான் எதுக்கு ஊசியை எடுக்கிறேன்?"

திரும்பி வருகிற பஸ்ஸில் கைப்பையைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. அட்டையை மேஜையில் வைத்து, பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். நான் கேட்க நினைத்ததும் ஒன்று இருந்தது. நீங்கள் ஏன் நைனாவிடம் தமிழில் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்து, ஐந்து நாள் பொறுத்துக்கோ ஐயா என்று ஏன் சொல்லவில்லை? கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை அன்றைக்கு என்னிடம் இல்லை. இன்றைக்கும் அந்தக் கேள்வி என்னிடம்தான் இருக்கிறது.

நைனா இப்போது கரையில் உட்கார்ந்து வலை பார்க்கிறார். வெட்டிய இடத்தில் தைத்திருக்கிறார்கள். எத்தனை தையல் என்று யாராவது கேட்டால், "இப்போ எண்ணிக்கையே இல்ல, போ" என்று சிரிக்கிறார். காலைப் பற்றிப் பேச்சு வந்தால், "எம் பொண்ணு அன்னிக்கே சொல்லிச்சு. படிச்ச பொண்ணு. நாங்கதான் கேக்கல" என்பார். அண்ணன் தலையைக் குனிந்துகொள்வான். என்னைத் தொரசாணி என்று கூப்பிடுவதை அவன் நிறுத்திவிட்டான். நான் சொன்னதை அவர்கள் கேட்கவில்லை என்பது உண்மைதான். மிச்ச உண்மை அவர்களுக்குத் தெரியாது. இதை எழுத எனக்குத் தைரியம் வந்ததே, அவர்கள் மூன்று பேரும் இதைப் படிக்க முடியாது என்பதால்தான்.

நைனாவின் கால் போய் ஒரு மாதம் கழித்து டாக்டர், காயத்தை முதல் நாளே தைப்பது பற்றிய அத்தியாயத்தில் ஒரு உதாரணம் சேர்க்க வேண்டும் என்றார். "ரெடி?" என்றார். "ரெடி சார்" என்றேன்.

மீனவர், வயது நாற்பத்தைந்து, கெண்டைச் சதையில் மண் படிந்த காயம் என்று தொடங்கினார். வெட்டியது, கழுவியது, திறந்து விட்டது எல்லாம் முறையாக வந்தது. பிறகு சொன்னார்: "குறிப்பு அட்டை முறைப்படி கட்டி அனுப்பப்பட்டது. ஆனால் அதைப் படிக்கக் கூடியவர் அந்தக் குடும்பத்தில் எவரும் இல்லை."

என் பென்சில் நின்றது. "சார்..."

"என் பக்கத்தை எடுத்தோம் இல்லையா? அது மாதிரிதான் இதுவும்" என்றார். குரலில் இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்துக்குப் பதில் அவர் என்னை வெளியே போகச் சொல்லியிருக்கலாம். "எழுதிக்கோ."

பெயர்கூட இல்லாமல் நான் கிழித்துப் போட்ட அந்தச் சிப்பாயைத்தான் நினைத்தேன். வேண்டாம் சார், படிக்கத் தெரிந்த ஒருத்தி இருந்தாள் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லியிருந்தால் அவர் மாற்றியும் இருப்பார்.

மத்தியானம் இரண்டு கார்பன் வைத்து மூன்று பிரதியாக அடித்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.